பஞ்சமத்துக்குப் பக்கத்தில் ஒரு ‘ம்ம்ம்’

ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தால் நம் வீடுகளில் எல்லோருமே டாக்டர்தான். எலக்ட்ரீஷியன் வருவதற்கு முன்பே, “கண்டன்சர் போயிருக்கும்” என்று சொல்லிவிடுவோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அந்தக் கண்டன்சருக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் உண்டு. பழைய ரேடியோ, டேப் ரெக்கார்டர், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றுக்குள்ளும் குட்டி டப்பா மாதிரி நின்றுகொண்டிருப்பவன். எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் என்று பெயர். ஃபேன் நின்றால் வியர்க்கும், உடனே ஆள் கூப்பிடுவோம். ஆம்ப்ளிஃபயர் ‘ம்ம்ம்’ என்று உறுமினால் மட்டும் பரணில் ஏற்றிவிடுவோம், இல்லாவிட்டால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவோம். இரண்டு இடத்திலும் நோய் ஒன்றுதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

எங்கள் மந்தைவெளி வீட்டில் அப்படிப் பரணுக்குப் போக இருந்த ஒரு பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். 1983-ல் அப்பா கையால் செய்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். அப்போது அவருக்குத் தொலைபேசி இலாகாவில் வேலை. கம்பெனி செட் வாங்கச் சம்பளம் போதாது. வெளிநாட்டு செட் என்றால் பர்மா பஜார் பக்கம் போய்ப் பெருமூச்சு விட்டுவிட்டு வரலாம். அதனால் ஆபீஸ் விட்டு வந்ததும் ‘அசெம்பிள்’ செய்ய உட்கார்ந்துவிடுவது அந்த நாளில் நடுத்தரக் குடும்பத்து ஆண்கள் பலருக்கு இருந்த பைத்தியம். எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் வந்த சர்க்யூட்டைப் பார்த்து, ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி, டிரான்ஸ்ஃபார்மரைச் சொல்லிச் சுற்ற வைத்து, தச்சரிடம் தேக்கில் பெட்டி செய்து வாங்குவார்கள்.

சர்க்யூட் போர்டையும் அப்பாவே செய்தார். தாமிரத் தகடு ஒட்டிய அட்டையில் கோடுகள் வரைந்து, பெர்ரிக் குளோரைடு கரைசலில் ஊறப் போட்டால் கோட்டுக்கு அடியில் இருக்கும் தாமிரம் தங்கி, மற்றதெல்லாம் கரைந்துபோகும். கோடு வரையப் பெயின்ட்தான் வேண்டும் என்பதில்லை. நெயில் பாலிஷ் போதும். எட்டாவது படித்துக்கொண்டிருந்த என் சிவப்பு கியூடெக்ஸ் பாட்டில் முழுசாக அந்த ஆம்ப்ளிஃபயருக்குத்தான் போனது. கரைசல் சிந்திய பழுப்புக் கறை பாத்ரூம் தரையில் இன்னும் இருக்கிறது. அம்மா விருந்தாளிகளிடம் அதைக் காட்டிக் காட்டியே முப்பது வருஷம் அப்பாவைத் திட்டினாள்.

2019-ல் அம்மா போனாள். அதன்பிறகு அப்பா அந்தப் பெட்டியைப் போடவில்லை. அம்மா தன் கையெழுத்தில் பாடியவர், சபா, தேதி எல்லாம் எழுதி வைத்த கேசட்டுகள் அலமாரியில் அப்படியே இருந்தன. நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பி ஒரு புளூடூத் ஸ்பீக்கர் அனுப்பினான். அப்பா அதில் செய்தி கேட்பார், பாட்டுக் கேட்க மாட்டார். போன ஐப்பசியில் ஒருநாள், “மார்கழிக்கு முன்னாடி அதைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாமாம்மா?” என்று அவரே கேட்டார். 83 வயது. முழங்கால் சபாவுக்குப் போக விடாது. அகாடமி ஆட்டோ தூரம்தான் என்றாலும் படிகள் இருக்கின்றனவே.

நான் பிளக்கைக் கையில் எடுத்ததும், “நேரா சொருகாதே” என்றார். அஞ்சு வருஷம் தூங்கின செட்டுக்கு முழுக் கரன்ட்டை ஒரேயடியாகக் கொடுக்கக் கூடாதாம். 60 வாட் குண்டு பல்பைத் தொடராக வைத்து அதன் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். எலக்ட்ரீஷியன்கள் இதை சீரீஸ் லாம்ப் என்பார்கள். உள்ளே ஏதாவது ஷார்ட் ஆகியிருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், செட் தப்பிக்கும். ஒழுங்காக இருந்தால் பல்பு ஒரு கணம் எரிந்து மங்கிவிடும். இதற்கு எல்ஈடி பல்பு உதவாது, பழைய இழை பல்புதான் வேண்டும். அப்பா இதற்கென்றே இரண்டை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்!

பல்பு எரிந்து மங்கியது. ஸ்பீக்கரிலிருந்து வந்தது பாட்டு இல்லை. ‘ம்ம்ம்’.

இந்த உறுமலைக் கொஞ்சம் உன்னிப்பாகக் கேட்டால் அதற்கு ஒரு சுருதி உண்டு. நம் வீட்டுக் கரன்ட் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. அதை டையோடுகள் ஒரே திசைக்குத் திருப்பும்போது நொடிக்கு 100 தடவை பொங்கிப் பொங்கி வரும். அந்த 100 அதிர்வுதான் நாம் கேட்கும் ஹம். ஒரு கட்டை சுருதியில் பாடுகிறவருக்கு இது கீழ்ப் பஞ்சமத்துக்குப் பக்கத்தில், ஆனால் பஞ்சமத்தில் உட்காராமல் கொஞ்சம் ஏறி நிற்கும். ஐந்து கட்டையில் பாடுகிறவருக்கோ ஷட்ஜத்தையே உரசும். சுருதி சேராத தம்பூரா ஒன்று கச்சேரி முழுக்கக் கூடவே மீட்டிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அதுதான். வயதானால் முதலில் மேல் ஸ்தாயி ஒலிகள்தான் காதில் விழாமல் போகும், கீழே இருப்பவை கடைசிவரை விழும். அப்பாவுக்கு ஜால்ரா சத்தம் சரியாகக் கேட்காது. இந்த உறுமல் நன்றாகக் கேட்டது.

தி.நகரில் ஒரு சர்வீஸ் கடைக்கு ஆட்டோவில் எடுத்துப் போனேன். மூடியைத் திறந்து பார்த்த பையன் மரியாதையாகத்தான் சொன்னான். “இந்தப் போர்டெல்லாம் இப்போ வர்றதில்லை மேடம். உள்ள இருக்கறதை எடுத்துட்டு புதுசா ஒரு புளூடூத் போர்டு வச்சுத் தரேன். வெளிய அப்படியே பழசு மாதிரியே இருக்கும்.”

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். “அப்போ பெட்டி மட்டும் மிஞ்சும்” என்றார். சற்று நேரம் கழித்து, “கெபாசிட்டர்தாம்மா. வேற ஒண்ணும் இருக்காது. என் கைதான்…” என்று வலது கையைப் பார்த்துக்கொண்டார். இரண்டு வருஷமாகக் கை நடுங்குகிறது. காபி டம்ளரையே இரண்டு கையால்தான் பிடிக்கிறார்.

“நீங்க சொல்லுங்கப்பா, நான் பண்றேன்” என்றேன். எனக்கு 55 வயது. சால்டரிங் அயர்னை அதுவரை நான் தொட்டதில்லை.

எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் என்ன செய்கிறது என்பதைச் சென்னைக்காரர்களுக்குச் சொல்வது சுலபம். அடி பம்பில் தண்ணீர் எப்படி வரும்? ஒவ்வொரு அடிக்கும் ஒரு குபுக். அதை மேலே ஒரு தொட்டியில் நிரப்பி, தொட்டியிலிருந்து குழாய் போட்டால் ஒரே சீராக ஒழுகும். டையோடிலிருந்து வருவது குபுக் குபுக். பெரிய கெபாசிட்டர்தான் தொட்டி. தொட்டி சுருங்கிப்போனால் குழாயிலும் குபுக் குபுக் என்றே வரும். அது ஸ்பீக்கரில் உறுமலாகக் கேட்கும்.

தொட்டி ஏன் சுருங்குகிறது? உள்ளே இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவில் ஒரு திரவத்தில் ஊறிய காகிதம், எல்லாவற்றையும் பாய் மாதிரி சுருட்டி டப்பாவில் போட்டு ரப்பரால் அடைத்திருப்பார்கள். ரப்பர் வழியாக அந்த ஈரம் வருஷக்கணக்கில் மெள்ள மெள்ள ஆவியாகிறது. சூடு கூடினால் வேகமாக. சாதாரண ரகத்துக்கு 85 டிகிரியில் 2,000 மணி நேரம் ஆயுள் என்று தயாரிப்பாளர் சொன்னால், ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொதுவான கணக்கு. பெட்டிக்குள் 45 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 32,000 மணி நேரம். அப்பாவும் அம்மாவும் தினம் மூன்று மணி நேரம் கேட்டதாக வைத்தால் ஏறக்குறைய 29 வருஷம். 2012-லேயே முடிந்திருக்க வேண்டிய ஆயுள்! அதிலும் எங்கள் பெட்டி கண்ணாடி ஷோகேஸுக்குள், அம்மா குரோஷாவில் பின்னிய துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காற்றுப் போக அப்பா மேலே போட்ட ஓட்டைகள் எல்லாம் அந்தத் துணிக்கு அடியில். உங்கள் வீட்டு செட்டின் மேலும் துணி இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

‘லீக்’ என்ற ஒரே வார்த்தையை இதில் இரண்டு நோய்க்குச் சொல்கிறார்கள். ஒன்று கண்ணுக்குத் தெரிவது: திரவம் கசிந்து போர்டில் வழிவது, தலை உப்புவது. 2000-த்தின் தொடக்க வருஷங்களில் கம்ப்யூட்டர் மதர்போர்டுகளில் இப்படிக் கெபாசிட்டர்கள் வரிசையாக உப்பி வெடித்தது சிலருக்கு நினைவிருக்கலாம். கசிந்த திரவம் சில சமயம் மீன் வாடை அடிக்கும். எங்கள் வீட்டில் மீன் வாடைக்கு வேறு காரணம் இருக்க வழியில்லை என்பதால் அந்த விஷயத்தில் சந்தேகம் வரவில்லை. இன்னொரு நோய் கண்ணுக்குத் தெரியாதது: தடுத்து நிறுத்த வேண்டிய நேர் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுவது. பார்த்தால் புதுசு மாதிரி பளபளப்பாக இருக்கும், வேலை செய்யாது.

அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மூடியைத் திறக்காமலே பாதி நோயைக் கண்டுபிடித்தார். “வால்யூமை ஜீரோவுக்குக் கொண்டுவா. ஹம் குறையறதா?” குறையவில்லை. “டெக் வயரைப் பிடுங்கு. இப்போ?” அப்போதும் அதே உறுமல். வால்யூமைக் குறைத்தால் உறுமலும் குறைந்தால் கோளாறு முன்பகுதியிலோ, வயரிலோ, எர்த்திலோ இருக்கும். குறையாவிட்டால் பவர் சப்ளையின் பெரிய தொட்டிதான். அடுத்து வால்யூம் குமிழைத் திருப்பச் சொன்னார். ‘கரகர’ என்றது. தூசிக்கும் அப்படிக் கேட்கும், கிளீனர் அடித்தால் சரியாகிவிடும். அடித்தும் போகவில்லை. அப்படியானால் முன்னால் இருக்கும் சின்னக் கெபாசிட்டர் நேர் மின்சாரத்தைக் கசியவிடுகிறது.

மூன்றாவதைக் கண்டுபிடிக்க ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனம் தேவைப்பட்டது. அம்மாவின் கேசட் ஒன்றைப் போட்டோம். வலது ஸ்பீக்கரில் மிருதங்கம் முழுசாக இருந்தது. இடதில் வலந்தலை மட்டும் ‘டக் டக்’ என்று கேட்டது, தொப்பியைக் காணோம். அந்த உறுமலுக்கு நடுவிலும் அப்பா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “லெஃப்ட்ல அவுட்புட் கெபாசிட்டர் வத்திப் போச்சு” என்றார். அந்தக் காலத்து சர்க்யூட்டில் ஸ்பீக்கருக்கு முன்னால் 2,200 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று காவல் நிற்கும். அது நேர் மின்சாரத்தைத் தடுத்து, பாட்டை மட்டும் விடும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 9 அதிர்வு வரை இறங்க விடும். வற்றி 220-க்கு வந்துவிட்டால் 90-க்குக் கீழே எல்லாம் தேய ஆரம்பித்துவிடும். தொப்பியின் கும்கி போன இடம் அதுதான்.

திறப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து இல்லை என்று நினைக்கக் கூடாது. தொட்டியில் தண்ணீர் நிற்பது போலப் பெரிய கெபாசிட்டரில் மின்சாரம் நிற்கும். சிலர் ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு காலையும் சேர்த்துத் தீப்பொறி பறக்க விடுவார்கள். அது வீரம் இல்லை, முட்டாள்தனம். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இரண்டு கால்களுக்கும் குறுக்கே இன்சுலேஷன் உள்ள இடுக்கியால் பிடித்து, முப்பது எண்ணி, பிறகு மீட்டரில் வோல்ட் பூஜ்யம்தானா என்று பார்க்க வேண்டும். எங்கள் செட்டில் உள்ளே 41 வோல்ட்தான். வால்வு செட் வைத்திருப்பவர்கள் வீட்டில் அது நூற்றுக்கணக்கில் இருக்கும். அதைத் தெரிந்தவரிடமே விட்டுவிடுங்கள்.

போனில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்ட பிறகுதான் அப்பா கை வைக்க விட்டார். பெரிய கெபாசிட்டரின் அடியில் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. கசிவு என்று நினைத்தேன். “சுரண்டிப் பாரு. அது நான் வச்ச பசை” என்றார். ஆடாமல் இருக்க ஒட்டிய பசை நாளாக நாளாக இப்படிக் கருத்துப்போகுமாம், அதைக் கசிவு என்று பலர் நினைத்துவிடுவார்களாம். உண்மையான கசிவு இன்னொரு மூலையில் இருந்தது. ஒரு சின்னக் கெபாசிட்டருக்குக் கீழே தாமிரக் கோடு பச்சை பூத்து அறுந்திருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் வைத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க ஓர் ஓரத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. என் கியூடெக்ஸ்! 41 வருஷம் கழித்தும் அப்படியே.

ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்தோம். 4,700 என்று எழுதியிருந்த பெரியது 1,900 காட்டியது. பொதுவாக 20 சதவீதம் கூடக் குறைய இருந்தால் பாதகமில்லை, இது பாதிக்கும் கீழே. இடது அவுட்புட் 220-ஐ ஒட்டி நின்றது. அப்பா காது போட்ட கணக்குக்கும் மீட்டருக்கும் வித்தியாசமே இல்லை.

மறுநாள் மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தேன். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று கிளை பிரியும் அந்தச் சந்துகளில் இப்போது செல்போன் கவரும் சிசிடிவி கேமராவும்தான் முன்னால் தொங்குகின்றன. கெபாசிட்டர் விற்கிறவர்கள் உள்ளே, மாடியில், டிராயர் டிராயராக இருக்கிறார்கள். அப்பா எழுதிக்கொடுத்த சீட்டை நீட்டினேன். “10,000 போடுங்க மேடம், பேஸ் இன்னும் நல்லா இருக்கும்” என்றார் கடைக்காரர். அப்பா இதை எதிர்பார்த்தே சீட்டின் அடியில் எழுதியிருந்தார்: ‘பெரிசு தருவான், வாங்காதே.’ தொட்டியை இரண்டு மடங்காக்கினால் ஸ்விட்ச் போட்டதும் அதை நிரப்ப டையோடும் டிரான்ஸ்ஃபார்மரும் திணற வேண்டியிருக்கும். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் மட்டும் ஒரு படி மேலே: பழையது 50, புதியது 63. நம் தெருக்களில் ராத்திரி பத்து மணிக்கு மேல் 230 வோல்ட் 250 ஆவதெல்லாம் சகஜம் என்பதால் அந்த இடைவெளி தேவை. 105 டிகிரி ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். இன்னொன்று, கையில் தூக்கிப் பாருங்கள். அளவுக்குப் பொருந்தாமல் லேசாக இருந்தால் சந்தேகப்படலாம். பெரிய டப்பாவுக்குள் சின்னக் கெபாசிட்டரை வைத்து அடைத்த போலிகள் உண்டு. மீட்டர் கொண்டுபோய் அங்கேயே அளந்தால் நல்ல கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வதில்லை. பெரியதும் சின்னதுமாக 14, எல்லாம் சேர்த்து 640 ரூபாய்.

என் தம்பி போனில், “மாத்தறதுன்னா எல்லாத்தையுமே மாத்திடேன்” என்றான். அது தேவையில்லை. ரெசிஸ்டரும், பாலியஸ்டர் கெபாசிட்டரும், அந்த 2என்3055 டிரான்சிஸ்டர்களும் நன்றாகத்தான் இருந்தன. வற்றிப்போகிற ஜாதி இது ஒன்றுதான்.

ஒன்றைக் கழற்றி, அதன் இடத்தில் புதியதைப் போட்டு, பிறகுதான் அடுத்தது. உடம்பில் கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். மாற்றிப் போட்டால் வெடிக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் நான் உரக்கச் சொல்ல, அப்பா போட்டோவைப் பார்த்து, “சரி” என்ற பிறகுதான் அயர்னை வைத்தேன். முதல் இரண்டு பற்றவைப்புக்கு அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நடுங்கும் கைதான். ஆனால் என் கையைப் பிடித்திருந்தபோது நடுக்கம் குறைவாக இருந்தது மாதிரி எனக்குப் பட்டது. “ஈயத்தை அயர்ன்ல வைக்காதே. காலைச் சூடு பண்ணு, ஈயம் தானா ஓடும்.” மூன்றாவதிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

புதிய கெபாசிட்டர் பழையதில் பாதிகூட இல்லை. அப்பா செய்த அலுமினிய வளையத்தில் லொடலொடவென்று ஆடியது. சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றினோம்.

மறுபடி சீரீஸ் லாம்ப். பல்பு பளிச்சென்று எரிந்து, இழை மட்டும் சிவப்பாகத் தெரியும் அளவுக்கு மங்கியது. ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன் அதன் முனைகளில் நேர் மின்சாரம் வருகிறதா என்று அளக்கச் சொன்னார். இடது 4 மில்லிவோல்ட், வலது 6. “மாட்டு.”

மாட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. செட் ஓடவே இல்லையோ என்று சிவப்பு விளக்கைப் பார்த்தேன், எரிந்துகொண்டிருந்தது. அப்பா காதை ஸ்பீக்கர் துணிமேல் வைத்துக் கேட்டார். பிறகு கேசட்டை எடுக்க அவரே எழுந்து போனார். அம்மாவின் கையெழுத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்து, மூன்றைத் தள்ளிவிட்டு நாலாவதை எடுத்தார். தனி ஆவர்த்தனம் வந்தபோது இடது ஸ்பீக்கரில் தொப்பி விழுந்தது. ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது. “அம்மாவுக்கு இந்த சத்தம் பிடிக்காது. கண்ணாடி உடையும்பா” என்றார்.

105 டிகிரி, 5,000 மணி நேரம் என்ற புதிய கெபாசிட்டருக்கும் அதே ஆயுள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கொள்ளுப் பேரன் காலம் தாண்டி எங்கேயோ போகிறது. ரப்பர் அடைப்பு அத்தனை நாள் தாங்காது என்பதால் நான் அதை நம்பவில்லை. பழைய கெபாசிட்டர்களை அப்பா தூக்கிப் போட விடவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மேலே தேதி எழுதி ஒட்டியிருக்கிறார்.

மார்கழி முழுக்க சாயங்காலம் ஐந்தரைக்குச் செட் ஓடியது. இப்போது டேப் டெக் வேகம் குறைகிறது, பாடுகிறவர்கள் எல்லோரும் அரைக்கட்டை இறங்கிப் பாடுகிறார்கள். பெல்ட் தளர்ந்திருக்கும் என்கிறார் அப்பா. ரிச்சி தெருவில் இரண்டு கடையில் கேட்டேன், அந்த அளவு இல்லை என்றார்கள். அடையாறில் பழைய டெக்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஒருவர் இருப்பதாக எதிர்வீட்டு மாமி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பெல்ட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போக வேண்டும்.